குழு ஒற்றுமைச் சுற்றுலா: மங்கலம்பேட்டையிலிருந்து சிதம்பரம், கடலூர் பயணத் திட்டமிடல்

குழு ஒற்றுமைச் சுற்றுலா என்பது ஒரே இடத்தில் பணிபுரிவோர் அல்லது ஒரே அமைப்பில் இயங்குவோர் தமக்குள் அறிமுகத்தையும் நம்பிக்கையையும் ஒத்துழைப்பையும் வளர்த்துக்கொள்ளும் நோக்கத்துடன் சேர்ந்து மேற்கொள்ளும் குறுகிய பயணம் ஆகும். பேச்சுவழக்கில் இது 'ஆபீஸ் டூர்', 'டீம் அவுட்டிங்' என்று அழைக்கப்படுகிறது. பெருநகரங்களின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களோடு இச்சொற்கள் பெரிதும் தொடர்புபடுத்தப்பட்டாலும், சிற்றூர்களின் துணிக்கடைகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிகள், மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகியவையும் நெடுங்காலமாக இத்தகைய பயணங்களை நடத்தி வருகின்றன.

இக்கட்டுரை, கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்தில் உள்ள மங்கலம்பேட்டை பேரூராட்சியைத் தொடக்க இடமாகக் கொண்டு, சிதம்பரம் அல்லது கடலூர் நகரைச் சுற்றிப் பார்ப்பதை உள்ளடக்கிய ஒருநாள் குழுச் சுற்றுலாவைத் திட்டமிடும் முறையை விளக்குகிறது. ஏறத்தாழ 15 முதல் 40 பேர் வரையிலான குழுவுக்கு இது பொருந்தும்.

நோக்கமும் பின்னணியும்

சாதாரணச் சுற்றுலாவில் பார்க்கும் இடமே முதன்மையானது. குழு ஒற்றுமைச் சுற்றுலாவில் உடன் வருபவர்கள் முதன்மையானவர்கள். இடம் அவர்களைச் சேர்த்துவைக்கும் கருவி. இந்த வேறுபாட்டை மறந்து, ஒரே நாளில் எட்டுப் பத்து இடங்களை அடுக்கும்போது பயணம் முழுவதும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே கழிந்துவிடுகிறது.

பணியிடத்தில் மனித உறவுகளின் பங்கு பற்றிய ஆய்வுகளுள் பழமையானவையாக, அமெரிக்காவின் சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை குறிப்பிடப்படுகின்றன. எல்டன் மேயோ உள்ளிட்டோர் அவற்றின் வழியாக, ஊதியமும் வெளிச்சமும் மட்டுமன்றி, தொழிலாளர்களிடையே நிலவும் உறவும் வேலையைப் பாதிக்கிறது என்ற கருத்தை முன்வைத்தனர். 1965-இல் புரூஸ் டக்மன் ஒரு குழு வளரும் நிலைகளை உருவாதல், உரசல், ஒழுங்குபடல், செயல்படல் என நான்காகப் பிரித்தார். உரசல் என்பது தோல்வி அல்ல, வளர்ச்சியின் ஒரு நிலை என்பது இதன் பயனுள்ள செய்தி.

சுற்றுலாத் திட்டமிடலுக்கு இவற்றைவிட நெருக்கமானது, உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் கூறிய தொடர்புக் கோட்பாடு. வெவ்வேறு பிரிவினர் சந்தித்தால் மட்டும் மனவேறுபாடு குறைந்துவிடாது. அச்சந்திப்பில் அவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும். பொது இலக்கு இருக்க வேண்டும். சேர்ந்து செயல்பட வேண்டும். பொறுப்பில் இருப்போர் அதை ஆதரிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மேலாளர் காரிலும் மற்றவர்கள் வேனிலும் வருவது, துப்புரவுப் பணியாளரைச் சுற்றுலாவிலும் சாப்பாட்டு இலை எடுக்கச் சொல்வது, ஓட்டுநரைத் தனியே உட்காரவைத்துப் பரிமாறுவது ஆகியவை இந்த முதல் நிபந்தனையையே உடைத்துவிடுகின்றன. அத்தகைய பயணம் ஒற்றுமையை வளர்ப்பதற்குப் பதிலாக, அன்றாடம் மறைந்திருக்கும் ஏற்றத்தாழ்வை ஊர் பார்க்கக் காட்டுவதாக முடியும். எனவே ஒரே வண்டி, ஒரே பந்தி, ஒரே படகு என்பதைத் திட்டத்தின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

யாருக்காகத் திட்டமிடுவது

திட்டம் இடத்தைத் தேர்வதிலிருந்து அல்ல, ஆட்களைக் கணக்கெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை:

- நீண்ட தூரம் நடக்கவோ படி ஏறவோ இயலாதவர் உண்டா
- கைக்குழந்தையோடு வருபவர், கருவுற்றவர் உண்டா
- சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, பயணத்தில் வாந்தி போன்றவை உண்டா
- சைவம், அசைவம், நோன்பு, விரதம் ஆகியவற்றில் எவருக்கு எது
- தண்ணீர் என்றால் அச்சம் உள்ளவர், நீச்சல் தெரியாதவர் யார்
- மாலை எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டியவர் யார்

கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிக் கேட்டால் பலர் வாய் திறப்பதில்லை. குறிப்பாக உடல்நிலை, பண நெருக்கடி, வீட்டில் அனுமதி ஆகியவை பற்றித் தனியாகக் கேட்டால்தான் உண்மை நிலை தெரியும். மகளிர் குழுவாயின் மாலை திரும்பும் நேரமே பயணத்தின் எல்லையைத் தீர்மானிக்கும்.

வர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவதும், வராதவரைப் பின்னர் குத்திக்காட்டுவதும் பயணத்தின் நோக்கத்துக்கே எதிரானவை.

நாள் தேர்வும் பருவமும்

ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் முதல் வாரம் வரையிலான காலம் இப்பகுதிக்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலூர் கடற்கரை புயல்களுக்கு இலக்காவது வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து பெருஞ்சேதம் விளைவித்தது. மே மாதக் கத்திரி வெயிலில் கோயிலின் கற்றளத்தில் வெறுங்காலுடன் நடப்பதும், நிழலில்லாத படகில் அமர்வதும் கடினம்.

கூட்டம் மிகும் நாள்களையும் தவிர்க்கலாம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரு பெருவிழாக்களிலும், மகா சிவராத்திரியையொட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி நாள்களிலும் நகரில் வண்டி நிறுத்தவே இடம் கிடைப்பது அரிது. காணும் பொங்கலன்று பிச்சாவரத்திலும், மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், தைப்பூசத்தன்று வடலூரிலும் பெருங்கூட்டம் கூடும். விழாவைக் காண்பதே நோக்கம் எனில் அது வேறு. குழுவாகப் பேசிப் பழகுவதற்கு அந்நாள்கள் உதவா.

கிழமையைத் தேர்வதில் ஒரு நியாயப் பிரச்சினை உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையை உறுதி செய்கிறது. சுற்றுலாவை அந்த விடுமுறை நாளிலேயே வைத்தால், வாரம் முழுவதும் நின்று வேலை செய்தவரின் ஓய்வு பறிபோகிறது. வீட்டு வேலையும் சேர்ந்து காத்திருக்கும் பெண் ஊழியர்களுக்கு இழப்பு இரட்டிப்பாகும். வேலை நாளில் செல்வது அல்லது மறுநாள் ஈடுசெய் விடுப்பு தருவது முறையானது. நாள் கூலி பெறுவோருக்கு அன்றைய கூலியும் வழங்கப்பட வேண்டும்.

இரண்டு வழிகள்

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் – உளுந்தூர்ப்பேட்டை சாலையில் அமைந்துள்ளது. ஒருநாள் பயணத்துக்குப் பொருத்தமான இரு வழிகளும் விருத்தாசலம் வழியாகவே செல்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் இணைக்க முயலக் கூடாது.

முதல் வழி: சிதம்பரம் – பிச்சாவரம்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் அடையலாம். வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

சிதம்பரம் நடராசர் கோயில் ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில் அமைந்தது. நான்கு திசைகளிலும் ஏழுநிலைக் கோபுரங்கள் உள்ளன. கோபுர வாயில்களின் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் சிற்பங்களாக வடிக்கப்பட்டுள்ளன. சிற்சபை, கனகசபை, நிருத்த சபை, தேவ சபை, ராச சபை என ஐந்து சபைகள் உள்ளன. ஆயிரங்கால் மண்டபமே ராச சபை எனப்படுகிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருச்சித்திரகூடம், அதாவது கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி, இதே வளாகத்துக்குள் இருக்கிறது. கோயிலைச் சுற்றிக் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என நான்கு தேர் வீதிகள் உள்ளன. நகரைக் காண விரும்பும் குழுவுக்கு இந்த நான்கு வீதிகளே சிறந்த நடைபாதை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கிள்ளை வழியாகப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை அடையலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில் இக்காடு அமைந்துள்ளது. சுரபுன்னையின் தாங்கு வேர்களும் வெண்கண்டலின் மூச்சு வேர்களும் சேற்றை இறுகப் பிடித்துக் கரையைக் காக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததால் அலையாத்திக் காடுகளின் பயன் பரவலாக உணரப்பட்டது. 2022-இல் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமிலிருந்து துடுப்புப் படகுகளும் இயந்திரப் படகுகளும் இயக்கப்படுகின்றன. குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுகளே செல்ல முடியும்.

நேரம் மிஞ்சினால், 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகப் பகுதியான அண்ணாமலை நகரையும் பார்க்கலாம்.

இரண்டாம் வழி: வடலூர் – கடலூர்

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் செல்லலாம். விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் இடையே இதே பகுதியினூடாக இரயில் பாதையும் உண்டு. சிறு குழுவாயின் இரயிலில் செல்வது செலவைக் குறைக்கும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் நிறுவிய தருமசாலையில் அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருவோர் அனைவருக்கும் வேறுபாடின்றி உணவளிக்கப்படுகிறது. சாதி, சமயம், பதவி பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அனுபவத்தைக் குழுவுக்குத் தர இதைவிடப் பொருத்தமான இடம் இம்மாவட்டத்தில் இல்லை. அருகில் 1872-இல் அமைக்கப்பட்ட சத்திய ஞான சபை உள்ளது. புலால் உண்ணாதோரே சபையின் உள்ளே செல்லலாம் என்பது அங்குள்ள நெறி. இதை முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிட்டால் வாசலில் எவரும் சங்கடப்பட நேராது.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் அப்பர் வரலாற்றோடு தொடர்புடையது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரையேறிய தலம் இது என்பது மரபு. நகரின் கிழக்கே தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை உள்ளது. அதனருகே ஆங்கிலேயர் 1690-இல் வாங்கிய புனித டேவிட் கோட்டை இருந்தது. இராபர்ட் கிளைவ் அதன் ஆளுநராகப் பொறுப்பு வகித்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியபின் கோட்டை சிதைந்தது. நகரில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்நாளில் இதைத் திட்டத்தில் சேர்க்க இயலாது.

நேர அட்டவணை

இப்பகுதியில் நாள் திட்டத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, கோயில் நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் மூடப்பட்டு மாலையில் திறக்கப்படுகின்றன. காலை எட்டு மணிக்கு மேல் மங்கலம்பேட்டையில் புறப்படும் குழு, சிதம்பரத்தில் அவசரமாக வலம்வர நேரிடும், அல்லது மாலை வரை காத்திருந்து இரவில் திரும்ப நேரிடும். சிதம்பரம் வழிக்கு ஒரு மாதிரி அட்டவணை:

காலை 5.45 – அனைவரும் கூடுதல், பெயர் சரிபார்ப்பு
6.00 – புறப்பாடு
8.00 – சிதம்பரம். காலை உணவு, கழிப்பறை
8.45 – கோயில், கோபுரச் சிற்பங்கள்
10.00 – தேர் வீதி நடை
10.45 – பிச்சாவரம் நோக்கிப் புறப்பாடு
11.30 – படகுப் பயணம்
பிற்பகல் 1.15 – சிதம்பரம் திரும்பி மதிய உணவு
2.30 – நிழலான இடத்தில் குழு உரையாடல்
3.45 – தேநீர். கடைவீதிக்கு ஓய்வு நேரம்
4.30 – திரும்புதல்
6.30 – மங்கலம்பேட்டை

இதில் இரண்டு இடங்களும் ஒரு நடையும் மட்டுமே உள்ளன. ஓரிரு கட்டங்களில் 15 நிமிடம் தாமதம் ஏற்பட்டாலும் இருட்டிய சிறிது நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதே இதன் பயன். வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் முதலில் பிச்சாவரம் சென்று பிறகு கோயிலுக்கு வரலாம் எனச் சிலர் எண்ணுவர். அப்போது படகுக்காகக் காத்திருக்கும் நேரம் நீண்டால் கோயிலைப் பார்க்கும் நேரம் கரைந்துவிடும். நடை திறக்கும் நேரத்தையும், படகுக் குழாம் அன்று இயங்குகிறதா என்பதையும் முந்தைய நாள் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நடக்கும் வேகத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரைக் கொண்டே கணக்கிட வேண்டும். முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் பொறுப்பாக நடக்கலாம். கடைசியில் வரும் பொறுப்பாளருக்குப் பின்னால் குழுவினர் எவரும் இருக்கக் கூடாது.

வழிபாடு வேறு, காட்சி வேறு

இவ்வட்டாரத்தின் முக்கியக் காட்சியிடங்கள் பல கோயில்களே. ஒரு பணியிடத்தில் பல சமயத்தவரும் சமய நம்பிக்கை இல்லாதவரும் இருப்பர். வழிபாட்டைக் கூட்டு நிகழ்ச்சியாக வைக்காமல், விருப்பமுள்ளோர் வழிபடத் தனியே அரை மணி நேரம் ஒதுக்கலாம். மற்றவர்கள் அந்நேரத்தில் கோபுரச் சிற்பங்களையும் தேர் வீதிகளையும் காணலாம். குழு முழுவதும் சேர்ந்து செய்யும் பயிற்சி எதையும் சந்நிதிக்குள் வைக்காமல், அனைவரும் பங்கேற்கக்கூடிய இடத்தில் வைப்பது நல்லது.

உடை, காலணி, கைப்பேசி, படம் எடுத்தல் ஆகியவை பற்றிய கோயில் விதிகளை முந்தைய நாளே அறிவிக்க வேண்டும். சந்நிதிப் பகுதியில் படம் எடுக்க அனுமதி இல்லை. குழுப் படத்தைக் கோபுரத்துக்கு வெளியே, வீதியில் எடுத்துக்கொள்ளலாம்.

குழுப் பயிற்சிகள்

பயணத்தில் விளையாட்டு இருப்பது நல்லது; ஆனால் விளையாட்டே போதாது. குழு வளர்ச்சிப் பயிற்சிகள் பொதுவாக நான்கு வகைப்படும்: இலக்கு வகுத்தல், உறவை மேம்படுத்தல், சிக்கலைத் தீர்த்தல், யார் பொறுப்பு எது எனத் தெளிதல். விளையாட்டு இரண்டாவதற்கு மட்டுமே உதவும். எனவே கீழ்க்காணும் பயிற்சிகளில் கடைசியானதை விட்டுவிடக் கூடாது.

கரணம் தேடல்: இருவர் இருவராகப் பிரிந்து, கோபுர வாயிலில் ஒரு கரணச் சிற்பத்தைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் சிற்பத்துக்கு முதுகு காட்டி நிற்க, மற்றவர் கை, கால், இடுப்பு, தலை இருக்கும் நிலையைச் சொல்லால் மட்டும் விளக்க வேண்டும். கேட்டவர் அதைத் தாளில் கோட்டுருவமாக வரைந்து சிற்பத்தோடு ஒப்பிடலாம். நாம் தெளிவாகச் சொன்னதாக நினைப்பது மற்றவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது இதில் வெளிப்படும்.

படகுக் குழு: பிச்சாவரத்தில் குழு பல படகுகளாகப் பிரிய நேரும். நண்பர்கள் தாமாகச் சேர்ந்து ஏறுவதற்கு விடாமல், முந்தைய நாளே சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். கணக்கரும் சரக்கு இறக்குபவரும், முதலாளியும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே படகில் ஒரு மணி நேரம் அமர்வதே ஒரு பயிற்சி. தண்ணீருக்கு அஞ்சுபவர் கரையில் தங்கலாம். அவருடன் ஒருவர் துணையாக இருக்க வேண்டும்.

கயிறு இழுத்தல்: வெள்ளிக் கடற்கரை மணலில் நடத்தலாம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுப்போர் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் சராசரி விசை குறைவதைக் காட்டினார். கூட்டம் பெருகும்போது ஒருங்கிணைப்பு குலைவதும், 'மற்றவர் இழுப்பார்' என்ற எண்ணம் வருவதும் இதற்குக் காரணங்கள். மூவர், அறுவர், பன்னிருவர் என மாற்றி விளையாடிவிட்டு இதைப் பேசினால் பணியிடத்தோடு எளிதில் பொருந்தும். இயலாதவர்கள் நடுவராகவோ தாளம் கொடுப்பவராகவோ இருக்கலாம்.

உரையாடல் வட்டம்: மதிய உணவுக்குப் பின் அனைவரும் வட்டமாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். என் வேலையில் மற்றவர் அறியாத கடினம் எது? அடுத்த மூன்று மாதத்தில் நாம் மாற்ற வேண்டிய ஒரு நடைமுறை எது? அதற்கு யார் பொறுப்பு? பணியில் புதியவரும் ஊதியம் குறைந்தவரும் முதலில் பேச, மேலாளர் கடைசியில் பேச வேண்டும். அங்கே சொன்னதற்காகப் பின்னர் எவர்மீதும் நடவடிக்கை இராது என்பதை மேலாளர் தொடக்கத்திலேயே கூற வேண்டும்.

உணவும் கழிப்பறையும்

மொத்தமாக உணவு சொல்லும் விடுதிக்கு இரண்டு நாள் முன்னதாக எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டும். சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு புகழ்பெற்றது. காலைச் சிற்றுண்டியோடு அதைச் சுவைப்பது ஊரை அறியும் வழிகளுள் ஒன்று. சைவம், அசைவம் உண்போர் ஒரே கூடத்தில் அமரும் வகையில் உணவிடத்தைத் தேர்வது நல்லது. ஓட்டுநரையும் உதவியாளரையும் சாப்பாட்டு எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது பரவலாகக் காணப்படும் வழக்கம். வழியில் கழிப்பறை இருக்குமா என்ற ஐயமே காரணம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, தூய்மையான கழிப்பறை உள்ள இடங்களை முன்னரே பார்த்து அட்டவணையில் எழுதி, அதைப் புறப்படும்போதே அறிவித்துவிட்டால் இந்தச் சிரமம் தவிர்க்கப்படும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. எனவே தண்ணீருக்குக் குடமும் எவர்சில்வர் குவளைகளும் எடுத்துச் செல்லலாம்.

செலவு

செலவை நிலைச் செலவு, தலைச் செலவு என இரண்டாகப் பிரிக்க வேண்டும். வண்டி வாடகை, ஓட்டுநர் படி, நிறுத்தக் கட்டணம் ஆகியவை நிலைச் செலவு. எத்தனை பேர் வந்தாலும் மாறாது. உணவு, படகு, நுழைவுக் கட்டணம் ஆகியவை தலைச் செலவு. 25 பேர் பெயர் கொடுத்து 20 பேர் மட்டும் வந்தால், நிலைச் செலவில் ஒவ்வொருவரின் பங்கும் கால் மடங்கு உயரும். இதனால் கடைசி நேரத்தில் கூடுதல் பணம் கேட்டு மனக்கசப்பு உண்டாகிறது. ஆகையால் நிலைச் செலவை நிறுவனமோ குழுவின் பொது நிதியோ ஏற்பது பாதுகாப்பானது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கலாம்.

அனைவரிடமும் சம தொகை வசூலிப்பது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் மாதம் எட்டாயிரம் ரூபாய் பெறுபவருக்கும் நாற்பதாயிரம் பெறுபவருக்கும் ஐந்நூறு ரூபாயின் சுமை ஒன்றல்ல. நிறுவனமே முழுச் செலவையும் ஏற்க இயலாதபோது, ஊதியத்துக்கேற்ப வசூலிப்பதும், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வெளியிடாமல் இருப்பதும் நல்லது. செலவுக் கணக்கை மட்டும் அனைவர் பார்வைக்கும் வைக்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

நீர்ப் பாதுகாப்பு: இப்பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து தண்ணீரில் உள்ளது. 2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2024 ஜனவரி 18 அன்று குசராத்தின் வதோதராவில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் படகு கவிழ்ந்து இறந்தனர். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதும், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாததும் வெளிவந்தன. எனவே பிச்சாவரத்தில் உயிர்காப்பு அங்கியை அணிந்து கட்டிய பின்னரே ஒவ்வொருவரும் படகில் ஏற வேண்டும். படகில் எழுந்து நிற்பது, பக்கம் மாறுவது, படம் எடுக்கச் சாய்வது கூடாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தக் கூடாது. வெள்ளிக் கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மது அருந்தியவரைத் தண்ணீர் அருகே விடக் கூடாது. மதுவை முற்றிலும் தவிர்ப்பதே முறை.

சாலைப் பாதுகாப்பு: வண்டிக்கு உரிய வாடகை அனுமதி, காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலையும், 5 மணி நேரத்துக்கு மேல் தொடராதபடி அரை மணி நேர ஓய்வும் வகுத்தது. இந்த அளவை எந்தச் சுற்றுலாவுக்கும் கைக்கொள்ளலாம். முந்தைய இரவு முழுவதும் வண்டி ஓட்டியவரை விடியற்காலையில் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பெண்களின் பாதுகாப்பு: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியின் பொருட்டு ஊழியர் செல்லும் இடத்தையும் முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியையும் 'பணியிடம்' என்றே கொள்கிறது. சுற்றுலா வேனில் நடக்கும் தவறான பேச்சும் செயலும் 'ஜாலிக்காக' என்று தள்ளிவிடக் கூடியவை அல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அக்குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் பயணத்தில் இடம்பெறுவது நல்லது.

அவசர உதவி: முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒவ்வொருவரின் வீட்டுத் தொலைபேசி எண், இரத்த வகை ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். அவசர ஊர்திக்கு 108. சிதம்பரம் பகுதியில் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

பயணத்துக்குப் பின்

திரும்பிய ஒரு வாரத்துக்குள் கால் மணி நேரக் கூட்டம் ஒன்று நடத்தப்பட வேண்டும். உரையாடல் வட்டத்தில் ஏற்றுக்கொண்ட மாற்றம் எது, பொறுப்பாளர் யார், எப்போது முடியும் என்பன எழுதி ஒட்டப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, துணிக்கடை ஊழியர்கள் நாள் முழுதும் நிற்க வேண்டியிருப்பதைக் கூறியிருந்தால், இருக்கை அமைத்துத் தருவது அந்த மாற்றமாகலாம். கடை ஊழியருக்கு இருக்கை வசதியை 2021-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியுள்ளது. சுற்றுலாவில் மனம் திறந்து பேசவைத்துவிட்டுப் பேசியதைக் கிடப்பில் போட்டால், அடுத்த பயணத்தில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பயணம் பயன் தந்ததா என்பதை எடுத்த படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அறிய முடியாது. முன்பு பேசிக்கொள்ளாத இருவர் இப்போது வேலை குறித்துப் பேசிக்கொள்கிறார்களா, ஒருவர் விடுப்பெடுக்கும்போது மற்றவர் கேளாமலே பொறுப்பேற்கிறாரா, கடைநிலை ஊழியர் குறையை நேரில் சொல்லத் தயங்காமல் இருக்கிறாரா என்பவற்றை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் தெரியும். அடுத்த ஆண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதும், சென்ற ஆண்டு வராதவர்கள் தாமாக முன்வருகிறார்களா என்பதும் ஓர் அடையாளம்.